பக்கம், வரி, பிழை, திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டங்களுக்கு நம்மிடையேயும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு மூலம். இந்த ஆட்டத்துக்குப் பலகை வேண்டாம், காய் வேண்டாம். பகடையைத் தவிர வேண்டியது விதிநூல் ஒன்றுதான். அதன் 2014-ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேடு 320 பக்கம், 2024-இல் வந்தது 384 பக்கம். அமெரிக்க விலை ஏறக்குறைய 50 டாலர். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் நூல்கள், இந்த ஓர் ஆட்டத்தின் நூல்கள் மட்டுமன்றி இத்துறையின் நூல்கள் பலவும், முறையாக மெய்ப்புப் பார்க்கப்படாமல் அச்சாகின்றன. பின்னால் வரும் பிழைதிருத்தப் பட்டியலும் அதே அலட்சியத்தோடு வருகிறது. உங்கள் நூல் மதிப்புரைப் பகுதி இதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

நாவலில் ஓர் ஒற்று விடுபட்டால் வாசகர் மனத்துக்குள் அதைச் சேர்த்துக்கொண்டு மேலே போய்விடுவார். விதிநூலில் ஓர் எண் தவறினால் ஐந்து பேரும் பகடையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருவர் பக்கம் புரட்டுவார், இன்னொருவர் கைபேசியில் தேடுவார், மூன்றாமவர் சென்ற வாரம் வேறு மாதிரி முடிவு செய்ததை நினைவூட்டுவார். விதிநூல் ஒரு கருவி. அதில் உள்ள பிழை, தையல் இயந்திரத்தில் பல் உடைந்த சக்கரம் போன்றது.

ஒரு சொல் செய்யும் கேட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு, அதே ஆட்டத்தின் மூன்றரைப் பதிப்பில் (2003) இருக்கிறது. அதில் உயிர்ப்புள்ளி (காயம் படப் படக் குறையும் எண்) 0-க்குக் கீழே போனால் பாத்திரம் சாகக் கிடக்கிறது, −10-இல் சாகிறது. நீரில் மூழ்குவது பற்றிய விதி, மூழ்கத் தொடங்குபவர் முதல் சுற்றில் நினைவிழந்து 0 புள்ளியில் இருப்பார் என்றும், அடுத்த சுற்றில் −1 ஆவார் என்றும் சொல்கிறது. நலமாக இருந்தவர் மூழ்குவதை மட்டும் நினைத்து எழுதிய வாக்கியம் இது. ஏற்கெனவே −8-இல் கிடப்பவர் மூழ்கினால்? எழுதியபடி படித்தால் அவர் 8 புள்ளி தேறிவிடுகிறார். "0-க்குக் குறையும், அதற்குக் கீழே இருந்தால் அப்படியே நிற்கும்" என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. எழுதியவருக்குத் தன் மனத்தில் இருப்பது தாளிலும் இருப்பதாகவே தோன்றும். வாக்கியத்தைக் கேள்வி கேட்பதற்குத்தான் தொகுப்பாசிரியர் வேண்டும்.

1994-இல், அப்போது இந்த ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் கொண்டுவந்த 'என்சைக்ளோபீடியா மேஜிகா' முதல் தொகுதியில் நடந்தது இன்னும் எளிய தவறு. 'மேஜ்' என்று வந்த இடங்களையெல்லாம் 'விஸர்ட்' என்று மாற்றுவதற்குக் கணினியில் தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்திருக்கிறார்கள். அது 'டாமேஜ்' என்ற சொல்லுக்குள்ளும் புகுந்து 'டாவிஸர்ட்' ஆக்கிவிட்டது, 'இமேஜ்' என்பது 'இவிஸர்ட்' ஆனது. அப்படியே அச்சாகியும் விட்டது. முழுச் சொல்லை மட்டும் மாற்று என்ற ஒரு தெரிவும், மாற்றிய பின் ஒரு முறை படித்துப் பார்த்தலும் போதுமாக இருந்தன.

இவ்வகை ஆட்டங்களை வெளியிட்ட ஒயிட் வுல்ஃப் என்ற இன்னொரு நிறுவனத்தின் பழைய நூல்களில் "பக்கம் எக்ஸ்எக்ஸ் காண்க" என்ற வரி ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எழுதும்போது பக்க எண் தெரியாது, அதனால் இரண்டு எக்ஸ் போட்டு வைப்பார்கள். பக்க வடிவமைப்பு முடிந்ததும் எண்ணை நிரப்ப வேண்டும். நிரப்பாமலே அச்சுக்குப் போயிற்று. இன்டிசைன் போன்ற மென்பொருளில் குறுக்குக் குறிப்பைத் தலைப்போடு பிணைத்துவிடலாம், பக்கம் நகர்ந்தால் எண்ணையும் புதுப்பித்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யாதவர்கள்கூட அச்சுக்கு அனுப்புமுன் அந்த இரண்டு எழுத்துகளைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. எக்ஸ்எக்ஸ் கண்ணுக்காவது தெரியும். இதைவிடக் கெட்டது தவறான பக்க எண். வடிவமைப்பின் முதல் சுற்றில் கையால் எண் போட்டு, பிறகு ஓர் ஓவியம் சேர்ந்து அத்தியாயம் இரண்டு பக்கம் தள்ளிப்போனால், அதற்குப் பின் உள்ள எண்கள் எல்லாம் இரண்டு இரண்டாகப் பொய் சொல்லும். சொல்லடைவின் கதியும் இதுதான். 2014 கையேட்டின் சொல்லடைவு கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய சிற்றெழுத்தில் இருக்கிறது. பல இடங்களில் பக்க எண்ணைத் தராமல் வேறொரு சொல்லைப் பார்க்கச் சொல்கிறது. அந்த இடத்தில் எண்ணையே போட்டிருக்கலாம், இடமும் அவ்வளவுதான் பிடிக்கும்.

திருத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழையைவிட அதிகக் குழப்பம் அங்கேதான்.

2008-இல் வந்த நான்காம் பதிப்பில் 'திறன் சவால்' என்றொரு விதி இருந்தது. குழு முழுவதும் சேர்ந்து, இத்தனை தோல்விகள் சேர்வதற்குள் இத்தனை வெற்றிகள் பெற வேண்டும். மிக எளிய நிலையில் 2 தோல்விக்குள் 4 வெற்றி, மிகக் கடினமான நிலையில் 6 தோல்விக்குள் 12 வெற்றி. பார்வைக்கு நியாயமாகத் தெரியும். கணக்குப் போட்டால் வேறு கதை. ஒவ்வொரு முயற்சியும் வெல்ல 60 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று வையுங்கள். எளிய நிலையில் குழு வெல்லும் வாய்ப்பு 34 விழுக்காடுதான், கடின நிலையில் 26. தனித்தனியே பாதிக்கு மேல் வெல்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் மூன்றில் இரண்டு முறை தோற்கிறார்கள். உயர்நிலைப் பள்ளி நிகழ்தகவுப் பாடம் படித்தவர் ஒரு மாலைப்பொழுதில் கண்டுபிடிக்கக்கூடியது இது.

சில வாரங்களில் திருத்தம் வந்தது. எல்லா நிலைகளுக்கும் 3 தோல்வி என்று ஆக்கினார்கள், இலக்கெண்களையும் (ஒரு முயற்சி வெல்லப் பகடையில் எட்ட வேண்டிய எண்களையும்) குறைத்தார்கள். இந்த இரண்டு மாற்றங்களும் பிரிக்க முடியாதவை. 3 தோல்வி என்பதை மட்டும் நூலில் குறித்துக்கொண்டு பழைய இலக்கெண்ணிலேயே ஆடினால், அதே 60 விழுக்காட்டுக் குழுவுக்குக் கடின நிலையில் வெல்லும் வாய்ப்பு 26-லிருந்து 4 விழுக்காடாகச் சரிகிறது. திருத்தம் ஆட்டத்தை முன்பைவிடக் கெடுத்துவிட்டது என்றாகும். இருபது முகப் பகடையில் ஒரு புள்ளி என்பது 5 விழுக்காடு. இலக்கெண் 5 புள்ளி குறைந்து ஒவ்வொரு முயற்சியும் 85 விழுக்காடு வெல்லும் என்றானால்தான் அந்தக் கடின நிலை 65 விழுக்காட்டுக்கு ஏறும். ஆகவே ஒன்றையொன்று சார்ந்த திருத்தங்களை ஒரே எண்ணின் கீழ்த் தொகுத்து, "இவற்றைச் சேர்த்தே ஏற்கவும்" என்று எழுத வேண்டியது வெளியிடுபவரின் கடமை. நான்காம் பதிப்பின் திருத்தங்கள் பின்னாளில் நூறு பக்கத்துக்கு மேல் வளர்ந்தன. அவ்வளவையும் நினைவில் வைத்து எந்தக் குழுவும் ஆட முடியாது.

திருத்தப் பட்டியலையே சரிபார்க்காமல் விட்டதும் உண்டு. அதே ஆட்டத்துக்கு 2006-இல் வந்த 'டோம் ஆஃப் பேட்டில்' என்ற நூலின் திருத்தக் கோப்பு, பாதி வழியில் 'கம்ப்ளீட் மேஜ்' என்ற வேறொரு நூலின் திருத்தமாக மாறிவிடுகிறது. நகலெடுத்து ஒட்டியதில் நேர்ந்த தவறு. முதல் நூலை வாங்கியவர்களுக்கு மீதித் திருத்தம் கிடைக்கவில்லை.

'எர்ராட்டா', அதாவது பிழைதிருத்தம், என்ற ஒரே சொல்லின் கீழ் மூன்று வெவ்வேறு பண்டங்களை விற்கிறார்கள் என்பது எங்கள் முக்கியமான குறை. முதலாவது அச்சுப்பிழை. இரண்டாவது, பொருள் மயங்கும் வாக்கியத்தைத் தெளிவாக்குதல். ஐந்தாம் பதிப்பின் 'கன்டேஜியன்' மந்திரத்தில் நோய் உடனே பற்றுமா, மூன்று தடுப்பு முயற்சிகள் தோற்ற பிறகு பற்றுமா என்பது 2014-இன் வாசகத்தில் தெளிவாக இல்லை. 2018-இல்தான் மூன்று தோல்விக்குப் பிறகே என்று திருத்தினார்கள். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அது சில மேசைகளில் பெரிய எதிரியை ஒரே அடியில் முடக்கும் மந்திரம், சில மேசைகளில் யாரும் தொடாத மந்திரம். மூன்றாவது வகை, பிழையே இல்லாத இடத்தில் வடிவமைப்பை மாற்றுவது. 'ஹீலிங் ஸ்பிரிட்' மந்திரம் 2017-இல் வந்தபோது ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்று, நீடித்தது. சுற்றுக்கு ஒரு முறை அந்த இடத்துக்குள் வருபவருக்கு ஓர் ஆறுமுகப் பகடை அளவு உயிர்ப்புள்ளி. சராசரி 3.5 என்றால் ஒருவருக்கு 35, ஐந்து பேர் குழுவுக்கு 175. 2020-இல் மொத்த எண்ணிக்கைக்கே வரம்பு போட்டார்கள். மந்திரவாதியின் திறனுக்காகக் கிடைக்கும் கூடுதல் +3 என்றால், அதோடு ஒன்று கூட்டி, குழு முழுவதற்கும் சேர்த்து 4 முறை, சராசரி 14 புள்ளி. மந்திரம் அளவுக்கு மீறி வலுவாக இருந்தது உண்மை, குறைத்ததும் சரி. ஆனால் அதை நம்பிப் பாத்திரத்தை உருவாக்கியவருக்கு இது பிழைதிருத்தம் இல்லை, புதிய விதி. வெளிப்படையாக அப்படிச் சொல்லி, நடப்புக் கதை முடியும் வரை பழையபடி ஆடலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் மனத்தாங்கல் பாதி குறைந்திருக்கும்.

இணைய வழியில் நூல் வாங்குவோருக்கு இன்னொரு தொல்லை. அங்கே வாசகம் இரவோடு இரவாக மாறலாம். மேசையில் ஒருவரிடம் அச்சு நூல், இன்னொருவரிடம் திரை, இரண்டிலும் வேறு வேறு எண். 2024 ஆகஸ்டில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அதிகாரபூர்வ இணையத் தளமான 'டி அண்ட் டி பியாண்ட்', ஆட்டக்காரர்களின் பாத்திரத் தாள்களில் 2014 மந்திரங்களின் இடத்தில் 2024 வடிவங்களை வைக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு சில நாட்களில் அதைக் கைவிட்டது. கைவிட்டதை வரவேற்கிறோம். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய வாசகம் வாங்கியவர் விருப்பம் கேட்டே மாற வேண்டும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டியது.

இந்த நூல்களில் ஏன் இவ்வளவு பிழை என்றால், காரணங்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. எழுதுபவர்களில் பலர் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் வெளி எழுத்தாளர்கள். ஒருவர் எழுதிய அத்தியாயத்தை மற்றவர் பார்ப்பதில்லை, ஒரே நிலைக்கு இரண்டு பெயர் வந்துவிடுகிறது. விதி மாறும்போது அது தொடும் எல்லா இடங்களும் மாறுவதில்லை. ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடக்கும் ஜென் கான் என்ற விளையாட்டுச் சந்தைக்குள் நூல் வந்தாக வேண்டும் என்ற நெருக்கடி வேறு. அச்சுக்கும் கப்பலுக்கும் மாதக்கணக்கில் போய்விட, கடைசியில் சுருங்குவது மெய்ப்புப் பார்க்கும் நாட்கள்தான். மொத்தப் பக்கம் 16 அல்லது 32-இன் மடங்காக, நம் அச்சகங்களில் சொல்வதுபோல் முழு ஃபாரமாக, அமைய வேண்டும் என்பதற்காகக் கடைசி நேரத்தில் வெட்டப்படும் பத்தியில் ஒரு விதியே போய்விடுவதும் உண்டு.

இத்தனைக்கும் பிழைகளில் பெரும்பகுதி இயந்திரத்தனமாகப் பிடிக்கக்கூடியது. 2014 பதிப்பின் 'ஓகர்' என்ற அரக்கனைப் பாருங்கள். உடலுறுதி 16, ஆகவே கூடுதல் +3. 7 பத்துமுகப் பகடை, ஒன்றுக்குச் சராசரி 5.5, கூட்டினால் 38.5. ஏழு மூன்று 21 சேர்த்து, பின்னத்தை விட்டால் 59. அச்சான உயிர்ப்புள்ளியும் 59. வலிமை 19 என்பதால் +4, தேர்ச்சி +2, ஆகத் தாக்கும் கூடுதல் +6. கதாயுதத்தின் அடி 2 எண்முகப் பகடையும் 4-ம், சராசரி 13. எல்லாம் பொருந்துகிறது. எழுதும் கட்டத்தில் யாராவது உடலுறுதியை 18 ஆக்கியிருந்தால் உயிர்ப்புள்ளி 66 ஆகியிருக்க வேண்டும். ஆகாவிட்டால் எக்ஸெல் தாளில் ஒரே சூத்திரம் அந்த வரியைச் சிவப்பாகக் காட்டிவிடும். அரக்கர் நூலின் எல்லாப் பட்டியல்களையும் இப்படி ஏற்றிச் சரிபார்ப்பது மனித மூளையை வருத்தும் வேலையே இல்லை. மனிதரை வைத்திருக்க வேண்டியது வேறு வேலைக்கு: எழுதியவர் பக்கத்தில் இல்லாமல், நூலை மட்டும் கையில் கொடுத்து, புதிய குழு ஒன்றை ஆடவிட்டு, எங்கே தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்வது.

கேயாசியம் நிறுவனம் முதலில் பிடிஎஃப் வெளியிட்டு, வாங்கியவர்கள் சொல்லும் பிழைகளைத் திருத்திவிட்டு அச்சுக்குப் போகும் முறையைப் பின்பற்றுகிறது. அச்சுப்பிழைக்கு இது நல்ல வடிகட்டி. ஆனால் சம்பளம் வாங்கும் தொகுப்பாசிரியருக்கு மாற்றாக வாசகரை நிறுத்தக் கூடாது. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் நூல்வாரியாக, எந்த அச்சில் எது திருத்தப்பட்டது என்ற பட்டியலை நெடுங்காலமாகப் பராமரிக்கிறது. மற்றவர்கள் பின்பற்றத்தக்கது அது.

நம் பழைய தமிழ் நூல்களின் கடைசிப் பக்கத்தில் 'பிழைதிருத்தம்' என்று தலைப்பிட்டு, பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு நெடுவரிசையில் ஓர் அட்டவணை இருக்கும். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்து ஏற்பாடு. இன்றைய விதிநூல் திருத்தங்களுக்கும் இதைவிடச் சிறந்த வடிவம் இல்லை. பழைய வாசகமும் புதிய வாசகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். "மூன்றாம் பத்தி தெளிவாக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் எதை அடிப்பது, எதை எழுதுவது என்று தெரியாது. இந்த நான்கோடு எந்த அச்சுக்குப் பொருந்தும், திருத்தம் வெளியான நாள், மேலே சொன்ன மூன்று வகையில் எது என்ற மூன்று நெடுவரிசைகள் கூடினால் போதும்.

தமிழிலேயே இத்தகைய ஆட்டங்களை எழுத நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'அடி' என்பது நீள அளவு, தாக்குதலும் அதுதான். "10 அடி பெறும்" என்று எழுதினால் தூரமா காயமா? 'முறை' என்பது தடவை, ஒருவர் ஆடும் வாய்ப்பும் அதுவே. "ஒவ்வொரு முறையும்" என்ற ஒரு தொடர் மேசையில் அரைமணி நேரச் சண்டையைக் கிளப்பும். "5 வரை" என்பதில் 5 அடங்குமா என்பதை ஒரே ஒரு தடவை முன்னுரையில் வரையறுத்துவிட வேண்டும். முதல் அத்தியாயம் எழுதுமுன்பே கலைச்சொல் பட்டியலை முடித்து, ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்று உறுதிசெய்து, தூரத்துக்கு 'மீட்டர்', தடவைக்குத் 'தரம்', ஆடும் வாய்ப்புக்கு 'முறை' என்பது போலப் பிரித்துக்கொண்டால் பின்னால் திருத்தம் போடும் வேலை பெருமளவு குறையும்.

நூல் கையில் இருப்பவர்கள் உரிமைப் பக்கத்தில் உள்ள எண் வரிசையைப் பார்க்கலாம். அதில் மிகச் சிறிய எண் எதுவோ அத்தனையாவது அச்சு. அதற்குரிய திருத்தத்தை மட்டும் எடுத்து, எண்ணையும் ஓரிரு சொல்லையும் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். வழவழப்பான தாளில் பேனா மை இழுவிவிடும். முழுப் பத்தியே மாறியிருந்தால் புதிய வாசகத்தைத் தாளில் அச்சிட்டு, பத்தியின் மேல் ஒரு விளிம்பை மட்டும் ஒட்டுங்கள். பழையது அடியில் இருக்கட்டும், தேவைப்படும். உள்ளட்டையில் "இந்த நாள் வரையான திருத்தம் ஏற்றது" என்று தேதி குறித்து, புதிய கதை தொடங்கும் நாளில் குழுவுக்கு அதைச் சொல்லிவிடுங்கள். அட்டவணையும் வாசகமும் முரண்பட்டால் வாசகமே செல்லும் என்பது மூன்றரைப் பதிப்பின் திருத்தக் கோப்புகள் சொன்ன விதி. உங்கள் நூல் வேறு சொல்லாவிட்டால் அதையே கொள்ளலாம்.

உங்கள் மதிப்புரைப் பகுதியில் விளையாட்டு நூல் ஏதேனும் இடம்பெறும்போது, ஓவியத்தையும் தாளையும் பாராட்டுவதோடு, எத்தனையாவது அச்சு பார்த்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். சொல்லடைவிலிருந்து பத்துச் சொற்களை எடுத்துப் பக்க எண் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து நூலை மட்டும் வைத்து உருவாக்க முடிந்ததா, எங்கே நின்றது என்றும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். 50 டாலர் கொடுக்குமுன் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

இப்படிக்கு,
பாத்திரமேற்பு ஆட்டங்களை நடத்துவோர் சிலர்